கறி ஏன் தோலாகிறது?

ஆம்பூர், வாணியம்பாடிக் கடைத்தெருக்களில் மாலை ஆறு மணிக்கு மேல் நடந்து செல்பவர்கள் ஓர் ஒலியை அறிவார்கள். பெரிய இரும்புச் சட்டியில் கரண்டி மோதும் ஒலி அது. வெங்காயம், பச்சை மிளகாய், குடைமிளகாய் இவற்றோடு மாட்டுக்கறித் துண்டுகள் கொழுந்துவிட்டெரியும் அடுப்பின் மேல் புரண்டுகொண்டிருக்கும். இரண்டு மூன்று நிமிடங்களில் தட்டு கைக்கு வந்துவிடும். கறியும் மென்மையாக இருக்கும்.

இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குச் சென்ற ஆண்டு வந்தது. நூலகத்தில் கிடைத்த ஒரு வெளிநாட்டுச் சமையல் நூலில் "ஐந்தே நிமிடத்தில் மாட்டிறைச்சியும் காய்கறியும்" என்று ஒரு குறிப்பு இருந்தது. அரைக் கிலோ தொடைக்கறி வாங்கி, விரல் பருமனுக்கு நறுக்கி, எண்ணெய் காய்ந்ததும் மொத்தமாகக் கொட்டினேன். சிவக்க வேண்டிய கறி சாம்பல் நிறமாயிற்று. சட்டி நிறைய நீர் விட்டது. ஐந்து நிமிடம் போதவில்லை என்று பத்து நிமிடம் வைத்தேன், பின்னர் பதினைந்து. அம்மா ஒரு துண்டை வாயில் போட்டு நெடுநேரம் மென்றுவிட்டு, "தோலாட்டம் இருக்குடா" என்றார்.

எங்கள் பகுதியில் இதை வெறும் உவமை என்று தள்ளிவிட முடியாது. சென்னை–பெங்களூர் சாலையில் இராணிப்பேட்டை தொடங்கி மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி வரையிலும், வடக்கே பேரணாம்பட்டிலும் தோல் என்பது பல்லாயிரம் குடும்பங்களின் பிழைப்பு. ஆகவே அம்மா சொன்னதை ஒரு பௌதிகக் கணக்காகவே எடுத்துக்கொண்டு, கறி எப்படித் தோலாகிறது, ஆகாமல் தடுக்க என்ன வழி என்று பார்க்கத் தொடங்கினேன்.

"ஓர் அறிவியல் இதழில் மாட்டுக்கறிக் குழம்பா?" என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். இங்கே பல வீடுகளின் அன்றாடப் புரத உணவு இதுவே. ஆட்டிறைச்சியைவிட விலை மிகக் குறைவு. ஆயினும் தமிழ்ச் சமையல் நூல்களில் இதற்கு இடம் அரிது. 2022 மே மாதம் ஆம்பூரில் நடத்தத் திட்டமிட்ட பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்ற செய்தி எதிர்ப்பைக் கிளப்பியதும், விழாவே தள்ளிவைக்கப்பட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். எழுதப்படாத உணவுக்குச் செய்முறை தேடுபவர்கள் வெளிநாட்டு நூல்களையே நம்ப வேண்டியிருக்கிறது. அந்த நூல்கள் வேறு வகை மாட்டை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. எனக்கு நேர்ந்த தவறு அங்கேதான் தொடங்கியது.

முதலில் தோலைப் பார்ப்போம். வகுப்பில் வெப்ப விரிவு பற்றிய பாடம் நடந்தபோது, "சூடுபடுத்தினால் சுருங்கும் பொருள் ஏதேனும் உண்டா?" என்று கேட்டேன். பின் வரிசையில் வழக்கமாக வாய் திறக்காத ஒரு மாணவன் எழுந்தான். அவன் தந்தை டேனரியில் வேலை செய்பவர். "தோல் சுருங்கும் சார். பதம் வந்துடுச்சான்னு பாக்க, ஒரு துண்டு வெட்டிக் கொதிக்கிற தண்ணியில போடுவாங்க. சுருங்காம அப்படியே இருந்தா குரோம் ஏறிடுச்சுன்னு அர்த்தம். சுருண்டுக்கிட்டா திரும்ப டிரம்முல போடணும்" என்றான். நான் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்த விடை அவன் வீட்டில் இருந்தது.

தோலின் பெரும்பகுதி கொல்லாஜன் என்னும் புரதம். தசைகளைக் கட்டி வைத்திருக்கும் மெல்லிய சவ்வுகளும், தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களும் இதே புரதக் குடும்பத்தால் ஆனவை. கறித் துண்டு ஒன்றைக் கூர்ந்து நோக்கினால், நீளவாக்கில் ஓடும் சிவந்த தசையிழைகளும், அவற்றைக் கற்றை கற்றையாகச் சுற்றியிருக்கும் வெண்மையான சவ்வும் தெரியும். சிவப்பு இழைகளைப் பல் எளிதில் அறுத்துவிடும். பல்லை எதிர்த்து நிற்பது வெண்சவ்வு.

இந்தக் கொல்லாஜனின் வடிவத்தைக் கண்டறிந்ததில் நமக்கு ஒரு பெருமை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராயிருந்த ஜி. என். இராமச்சந்திரனும், அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் 1954இல் 'நேச்சர்' இதழில் அதன் அமைப்பை வெளியிட்டனர். மூன்று புரத இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு முப்புரிக் கயிறு போல் இருக்கின்றன என்பதே அவர்கள் கண்டது. ஊடுகதிர்களைச் செலுத்திப் படமெடுக்கக் கொல்லாஜன் வேண்டுமல்லவா? 1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கு அருகிலேயே இருந்தது. தோல் தொழிலும் மூலக்கூறு ஆராய்ச்சியும் இப்படி அண்டை வீட்டாராக அமைந்தது நல்வாய்ப்பு.

முறுக்கிய கயிற்றைச் சூடாக்கினால் என்ன ஆகும்? ஏறத்தாழ 60 முதல் 65 செல்சியஸ் டிகிரியில், மூன்று புரிகளையும் பிடித்து வைத்திருக்கும் மெல்லிய பிணைப்புகள் அறுபடத் தொடங்குகின்றன. முறுக்கு தளர்ந்து, இழைகள் தம் நீளத்தை இழந்து சுருள்கின்றன. பச்சைத் தோல் வெந்நீரில் சுருங்குவது இதனால்தான். பதனிடுதல் என்பது இந்தச் சுருக்க வெப்பநிலையை உயர்த்துவதேயாகும். நம் முன்னோர் ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் கொண்டு இதைச் செய்தனர். அவற்றிலுள்ள டானின் என்னும் பொருள் புரிகளுக்கிடையே புகுந்து கட்டுவதால், சுருக்க வெப்பநிலை 75 முதல் 85 டிகிரி அளவுக்கு உயரும். குரோமிய உப்பின் பிணைப்பு இதைவிட வலியது. நன்கு குரோம் ஏறிய தோல் கொதிநீரையும் தாங்கும். மாணவன் சொன்ன சோதனையின் பொருள் இதுதான்.

டேனரிக்காரர் கயிற்றின் முறுக்கு அவிழாமல் காக்க முயல்கிறார். சமையற்காரர் அதை அவிழ்க்க முயல்கிறார். நானோ இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

எப்படியென்று பாருங்கள். கறியின் வெப்பநிலை 65 டிகிரியைத் தாண்டும்போது வெண்சவ்வு சுருங்கி, தான் சுற்றியிருக்கும் தசைக் கற்றைகளை ஈரத்துணியைப் பிழிவது போல் பிழிகிறது. சாறு வெளியேறுகிறது, துண்டு குறுகித் தடிக்கிறது. இந்நிலையில் கொல்லாஜன் சுருங்கிவிட்டதே தவிர, கரையவில்லை. தொடர்ந்து நெடுநேரம் ஈரச் சூட்டில் வைத்தால்தான் புரிகள் தனித்தனியே பிரிந்து ஜெலாட்டினாக மாறி நீரில் கரையும். சாதாரணச் சட்டியில் கொதிக்கவைத்தால் இதற்கு ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். ஆகவே ஐந்தாவது நிமிடத்துக்கும் ஒரு மணி நேரத்துக்கும் இடைப்பட்ட காலமே கறிக்குக் கெட்ட காலம். "இன்னும் கொஞ்சம் வேகட்டும்" என்று பதினைந்தாவது நிமிடத்தில் இறக்கியவன், மிகக் கடினமான நிலையில் இறக்கியிருக்கிறான்.

வெளிநாட்டு நூலார் இதை ஏன் எச்சரிக்கவில்லை? அவர்கள் கருதும் மாடு இறைச்சிக்கென்றே வளர்க்கப்பட்டு, இரண்டு வயதுக்குள்ளோ சற்றுக் கூடுதலாகவோ வெட்டப்படுவது. நம் நிலை வேறு. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்து, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாதது என்றோ, காயம், ஊனம், தீராத நோய் இவற்றால் நிரந்தரமாக முடங்கியது என்றோ சான்று பெற்ற மாட்டைத்தான் வெட்டலாம். ஏர் உழுது, வண்டி இழுத்து ஓய்ந்த மாடுகள் இவை. வயது ஏற ஏறக் கொல்லாஜனின் அளவு பெரிதாகக் கூடுவதில்லை. ஆனால் புரிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் முதிர்ந்து, சூட்டுக்கு அசையாதவையாகின்றன. இயற்கையே பாதி பதனிட்டுவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். என் கறிக்கடை பாய்க்கு இந்த வேதியியல் தெரியாது. ஆனால் நடந்ததைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "இது வாணலியில வேகாது சார், குக்கர்ல போட்டுட்டு அப்புறமா வறுங்க" என்றார்.

அவர் சொன்னது ஒரு வழி. இன்னொரு வழியும் உண்டு. முதலில் அதைக் காண்போம்.

கயிற்றைத் தீயால் அவிழ்க்க நேரமில்லையென்றால் கத்தியால் வெட்டிவிடலாம். ஒரு சணல் கயிற்றை நீளவாக்கில் பிரித்தால் ஒவ்வொரு புரியும் இழுவையைத் தாங்கும். அதையே குறுக்கே 3 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் கையில் உதிர்ந்துவிடும். கறியையும் தசையிழைகளுக்குக் குறுக்காக, 3 மி.மீ. தடிப்புக்கு மேற்படாமல் சீவ வேண்டும். நான் இழைகளின் போக்கிலேயே வெட்டியிருந்தேன்! பச்சைக் கறி வழுக்கும் என்பதால் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் முக்கால் மணி நேரம் வைத்து, விறைத்ததும் சீவினால் எளிது. முதுகெலும்பின் உட்புறம் ஒட்டிய தசை அதிகம் உழைக்காதது. கிடைத்தால் அதுவே இதற்கு ஏற்றது. கால் கறியை இந்த முறையில் முயல வேண்டாம்.

மெல்லிய சீவலுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. சூடு உள்ளே பரவும் நேரம் தடிப்பின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. 2 செ.மீ. கட்டியின் நடுவுக்குச் சூடு நன்றாகச் சென்று சேரப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். 3 மி.மீ. சீவலுக்குச் சுமார் கால் நிமிடமே போதும். தடிப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு குறைந்தால் நேரம் நாற்பத்துநான்கு மடங்கு குறைகிறது. நடுப்பகுதியும் 70 டிகிரியைத் தாண்டிவிடுவதால் கிருமி பற்றிய அச்சமும் நீங்கும். இந்தக் கறியை அரைகுறையாக உண்பது கூடாது. நாடாப்புழு தொற்றும் வழிகளுள் அதுவும் ஒன்று.

இனி, சட்டி ஏன் குளமாயிற்று என்ற கேள்வி. இது முழுக்க முழுக்கப் பௌதிகம்.

வீட்டு எரிவாயு அடுப்பின் பெரிய பர்னர் சுமார் 2 கிலோவாட் வெப்பம் தருகிறது என்று கொள்வோம். அதில் 60 சதவீதம் சட்டிக்குச் சேர்ந்தால் விநாடிக்கு 1.2 கிலோஜூல். அரைக் கிலோ கறியை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு உயர்த்த ஏறத்தாழ 120 கிலோஜூல் வேண்டும். இதற்கே 100 விநாடி ஆகிறது. இதற்குள் சவ்வு சுருங்கிப் பிழிந்த சாறு சுமார் 100 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீரின் ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் மிகப் பெரிது: கிராமுக்கு 2.26 கிலோஜூல். 100 கிராம் சாற்றை ஆவியாக்க 226 கிலோஜூல், அதாவது இன்னும் மூன்று நிமிடத்துக்கு மேல். அந்த நீர் போகும் வரை சட்டியிலுள்ள கறியின் மேற்பரப்பு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. ஐந்து நிமிடமும் வதக்கல் என்று எண்ணி நாம் செய்வது வேகவைத்தலே.

கறி பொன்னிறமாகச் சிவந்து மணம் வீச 140 டிகிரி அளவு தேவை. புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் கூடி நிகழ்த்தும் இந்த வினையை 1912இல் விளக்கியவர் பிரெஞ்சு வேதியியலார் மெயிலார். நீர் தேங்கிய சட்டியில் மெயிலாருக்கு வேலையில்லை.

கடைக்காரரின் அடுப்பு நம்முடையதைவிடப் பன்மடங்கு வலியது. அவரோடு போட்டியிட முடியாது. ஆனால் வெப்பத்தை முன்கூட்டியே சேமித்து வைக்கலாம். 2 கிலோ எடையுள்ள இரும்புச் சட்டியை 250 டிகிரி வரை காயவைத்தால், அது 100 டிகிரிக்குக் குளிர்வதற்குள் 135 கிலோஜூல் வெளிவிடும். ஏறக்குறைய இரண்டு நிமிட அடுப்பு வெப்பம் இரும்பிலேயே காத்திருக்கிறது. அரைக் கிலோ எடையுள்ள மெல்லிய அலுமினியச் சட்டியில் இதில் பாதிதான் தேறும். ஒட்டாத பூச்சுள்ள சட்டிகளை இப்படி வெறுமையாகக் காயவைக்கக் கூடாது. பூச்சு கெட்டுப் புகையும்.

இந்தச் சேமிப்பை ஒரே ஈட்டில் செலவழித்துவிடாமல், கறியை 100 கிராம் 125 கிராமாகப் பிரித்துப் போட வேண்டும். 100 கிராமைச் சூடாக்க 24 கிலோஜூல். அது விடும் சிறிதளவு நீரை ஆவியாக்க மேலும் 30 அல்லது 40. சட்டி சமாளித்துவிடும். ஓர் ஈடு ஒரு நிமிடத்தில் சிவந்ததும் எடுத்துத் தட்டில் வைத்து, சட்டியை மறுபடி காயவைத்து, அடுத்த ஈடு. போடுமுன் கறியைத் துணியால் ஒற்றி ஈரம் போக்குங்கள். ஒரு துளி நீர் ஆவியாகும்போது சுமார் 1600 மடங்கு விரிகிறது. எண்ணெய் கையில் தெறிப்பதும் அதனால்தான்.

சாறு வெளியேறுவதையே குறைக்க முடியாதா? முடியும். இதற்கும் டேனரியில் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பார்கள். முடி உதிர்வதோடு தோலும் ஊதிப் பருக்கும். புரதங்கள் நீரை மிகக் குறைவாகப் பிடித்துக்கொள்ளும் ஓர் அமில-கார நிலை உண்டு, கறியின் இயல்பான நிலை (சுமார் 5.5) துரதிருஷ்டவசமாக அதற்கு மிக அருகில் இருக்கிறது. சற்றுக் காரப் பக்கம் நகர்த்தினால் புரத இழைகள் ஒரே வகை மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று விலக்கும். இடைவெளியில் நீர் தங்கும். சமையலறையில் சுண்ணாம்புக்குப் பதில் சமையல் சோடா. அரைக் கிலோ சீவலுக்கு அரைத் தேக்கரண்டியைச் சிறிது நீரில் கரைத்துப் பிசறி இருபது நிமிடம் வைத்து, அலசி ஒற்றிவிட வேண்டும். அதிகமானால் சவர்க்காரச் சுவை வரும். கூடவே எலுமிச்சம்பழம் பிழிவது பயனற்றது. ஒன்றை மற்றது அழித்துவிடும்.

பப்பாளிக்காய் அரைத்துப் பூசும் வழக்கமும் இங்கே பரவலாக உண்டு. அதிலுள்ள பப்பெயின் என்னும் நொதி புரதத்தை அறுக்கிறது. டேனரியிலும் சுண்ணாம்பு வேலை முடிந்ததும் நொதிகளைக் கொண்டே தோலை இளக்குகிறார்கள். முற்காலத்தில் இதற்குப் புறா எச்சமும் நாயின் மலமும்கூடப் பயன்பட்டன! ஆனால் பப்பெயின் துண்டின் உள்ளே ஆழமாக ஊடுருவாது. மெல்லிய சீவலில் அரை மணிக்கு மேல் விட்டால் வெளிப்புறம் கூழாகிவிடும். எனக்குச் சோடாவே மேலாகத் தோன்றுகிறது.

இனி பாய் சொன்ன வழி. தொடை, கால் போன்ற உழைத்த தசைகளுக்கு இதுவே தக்கது. அழுத்தக் கொப்பரையில் நீரின் கொதிநிலை 120 டிகிரி அளவுக்கு உயர்கிறது. பல வேதிவினைகள் பத்து டிகிரிக்கு ஏறத்தாழ இருமடங்கு விரைவுபெறும் என்ற பொது விதியைக் கொண்டால், இருபது டிகிரிக்கு நான்கு மடங்கு. ஒன்றரை மணி வேலை இருபத்தைந்து நிமிடத்துக்குள் முடிகிறது. உப்பு, மஞ்சள், இஞ்சி பூண்டு சேர்த்து, நீர் கொஞ்சமாக ஊற்றி வேகவைத்து, ஆறிய பிறகு குறுக்கே நறுக்குங்கள். சூட்டோடு நறுக்கினால் பிய்ந்துவிடும். இப்போது வாணலியின் வேலை சிவக்க வைப்பது மட்டுமே; இரண்டு நிமிடம் போதும். காலையில் வேகவைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொண்டால் மாலையில் கடைக்காரரின் வேகம் நமக்கும் வந்துவிடும். பல கடைகளின் இரகசியமும் இதுதான். சட்டியில் விழுவது முன்பே வெந்த கறி.

காய்கறிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவற்றில் கொல்லாஜன் கிடையாது. செல் சுவர்களை ஒட்டவைத்திருப்பது பெக்டின். அது 85 டிகிரிக்கு மேல்தான் இளகும். கேரட், பீன்ஸ் ஆகியவற்றை மெல்லிதாக நறுக்கி முதலிலும், குடைமிளகாய், முட்டைக்கோஸை அடுத்தும் போட்டு, நறுக்கென்று கடிபடும்போதே எடுத்துவிட வேண்டும். காய்களில் பத்தில் ஒன்பது பங்கு நீர். கறியோடு ஒன்றாகக் கொட்டினால் மேலே சொன்ன 226 கிலோஜூல் கணக்கு இரட்டிப்பாகும். உப்பையும் கடைசியில் போடுங்கள். முன்னால் போட்டால் நீரை வெளியே இழுக்கும். எல்லாம் தனித்தனியே ஆனபின் கறி, காய், கீறிய பச்சை மிளகாய், நசுக்கிய பூண்டு, மிளகுத்தூள், வேண்டுமானால் ஒரு கரண்டி சோயா சாறு ஆகியவற்றை ஒன்றாகக் கூட்டி அரை நிமிடம் புரட்டினால் முடிந்தது.

கொப்பரையில் மிஞ்சிய சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். குளிர்ப்பெட்டியில் ஒரு கிண்ணத்தில் வைத்தேன். மறுநாள் காலை அது தளதளவென்று கட்டியாக நின்றது. கரைந்த கொல்லாஜன்தான் அது. தச்சர்கள் காய்ச்சும் வச்சிரப் பசையும் இதன் உடன்பிறப்பே; தோல் கழிவிலிருந்து எடுப்பது. கிண்ணத்தை வகுப்புக்கு எடுத்துச் சென்றேன். சிலர் மூக்கைப் பிடித்துக்கொண்டனர். பின் வரிசை மாணவன் முன்னால் வந்து, விரலால் அழுத்திப் பார்த்து, உள்ளங்கையில் ஒரு துண்டை எடுத்து வைத்தான். உடற்சூட்டில் அது உருகி மணிக்கட்டு வழியே ஓடியது. "எத்தனை டிகிரி சார்?" என்றான். வெப்பமானியை வைத்துப் பார்த்தோம். முப்பதைத் தாண்டியதும் இளகிவிடுகிறது. தோலாக இருந்தபோது 60 டிகிரி தாங்கிய அதே புரதம், முறுக்கு அவிழ்ந்த பின் உள்ளங்கைச் சூட்டைக்கூடத் தாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு பாயின் வழியில் செய்தேன். அம்மா இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார். உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல் என்றார்.